அக்கா ஏன் புகார் கொடுக்கவில்லை?

நாவல் எழுதும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரு வருஷமாக என் நாயகனைப் பற்றி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறேன். அவன் படிப்பு, வேலை, பிடித்த நிறம், இருட்டென்றால் பயம், முழங்காலில் சின்ன வயதுத் தழும்பு, நடக்கும்போது லேசாக இடது பக்கம் சாய்வது வரைக்கும் எல்லாம் இருக்கிறது. எண்பது பக்கம் தாண்டிவிட்டது. ஆனால் நாவலின் முதல் பக்கத்தில் அவனை உட்கார வைத்தால் உட்கார்ந்தே இருக்கிறான். என்ன செய்ய?

கேள்வி: எனக்குக் கதை முழுக்கத் தெரியும். 34 அத்தியாயத்துக்கும் அவுட்லைன் போட்டாயிற்று. தம்பி வீட்டுச் சேமிப்பை எடுத்துக்கொண்டு காணாமல் போகிறான், அக்கா தேடிக் கிளம்புகிறாள், வழியில் பலரைச் சந்திக்கிறாள், அவன் ஒரு கும்பலிடம் மாட்டியிருப்பது தெரிகிறது, கடைசியில் மீட்கிறாள். பதினொரு அத்தியாயம் எழுதியும்விட்டேன். படித்த தோழி, 'எல்லாம் விறுவிறுன்னுதான் போகுது, ஆனா அந்த அக்கா யாருன்னே எனக்குத் தெரியலையே' என்றாள். அன்றிலிருந்து ஒரு வரி எழுதவில்லை.

பதில்: இந்த இரண்டு கடிதங்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன், இரண்டும் ஒரே கேள்விதான். முதலாமவரிடம் ஆள் இருக்கிறான், அவனுக்கு வேலை இல்லை. இரண்டாமவரிடம் வேலை குவிந்து கிடக்கிறது, செய்ய ஆள் இல்லை. 'அக்கா' என்று ஒரு உறவுமுறை மட்டும் இருக்கிறது.

கதையில் முக்கியம் பாத்திரமா, சம்பவங்களைக் கோத்துச் செல்லும் கதைப்பின்னலா என்பது பழைய வழக்கு. துன்பியல் நாடகத்தின் உயிர் கதைப்பின்னல்தான், பாத்திரத்துக்கு இரண்டாவது இடம் என்றார் அரிஸ்டாட்டில். இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேல் கழித்து, 1884-ல் எழுதிய ஒரு கட்டுரையில் நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இந்தப் பாகப்பிரிவினையே செல்லாது என்று வாதாடினார். சம்பவத்தைத் தீர்மானிப்பதுதானே பாத்திரம், பாத்திரத்தைக் காட்டுவதுதானே சம்பவம், இதில் எதை எங்கே வெட்டிப் பிரிப்பீர்கள் என்பது அவர் கேள்வி. நான் ஜேம்ஸ் கட்சி. ஆனால் எந்தக் கட்சி என்று தெரிந்துகொண்டால் மட்டும் காலையில் எழுத உட்காரும்போது பேனா ஓடிவிடாது, அதனால் உங்கள் கதைகளுக்கே வருவோம்.

முதல் கடிதக்காரருக்கு. உங்கள் எண்பது பக்கக் குறிப்பில் இருப்பவை எல்லாம் அவனிடம் உள்ளவை, அல்லது அவனுக்கு நேர்ந்தவை. அவனாக முடிவெடுத்துச் செய்தது என்று நீங்கள் ஒன்றுகூடக் குறிப்பிடவில்லை. அந்தத் தழும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எப்படி வந்தது? மரத்திலிருந்து விழுந்தான், சரி. ஏறாதே என்று யாராவது சொல்லியிருந்தார்களா? வீட்டில் கேட்டபோது என்ன சொன்னான்? 'அவன்தான் தள்ளிவிட்டான்' என்று கூட இருந்த நண்பனைக் கைகாட்டினானா? அந்த நண்பன் அடி வாங்கினானா, அடி வாங்கியும் உண்மையைச் சொல்லாமல் இருந்தானா? இப்படி நாலு கேள்வி கேட்டதும் தழும்பு ஒரு கடனாக மாறிவிட்டது பாருங்கள். முப்பது வருஷம் கழித்து அந்த நண்பன் ஒரு உதவி கேட்டு வந்து நிற்கிறான், கேட்பதும் கொஞ்சம் தப்பான உதவி. இப்போது உங்கள் ஆள் உட்கார்ந்திருக்க முடியாது. மாட்டேன் என்று அனுப்பினாலும் கதை நகரும், செய்துகொடுத்தாலும் நகரும், செய்வதாகச் சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டால் இன்னும் வேகமாக நகரும். மூன்றில் எதைச் செய்வான் என்பதற்கு உங்கள் எண்பது பக்கத்தில் விடை இல்லாமலிருந்தால் கவலைப்படாதீர்கள், அந்த இடத்தை எழுதிப் பார்க்கும்போதுதான் அது உங்களுக்கே தெரியவரும். பிடித்த நிறம் அப்போது தேவைப்படாது.

இரண்டாமவருக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உங்கள் கதையில் நல்ல விஷயம் இருக்கிறது. தம்பி பணத்தோடு காணாமல் போனால் பெரும்பாலானவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? காவல் நிலையத்துக்குப் போவார்கள். உங்கள் அக்கா போகவில்லை, நேராகத் தேடக் கிளம்பிவிட்டாள். ஏன் என்று நீங்கள் எழுதவில்லை. அவள் புகார் கொடுத்துவிட்டால் போலீஸ்காரர்கள் தேடிவிடுவார்கள், உங்கள் 34 அத்தியாயம் நடக்காது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அது உங்களுடைய காரணம், அவளுடையது இல்லை. உங்கள் தோழிக்கு உறுத்தியது இந்த இடைவெளிதான், அவருக்கு அதைப் பெயர் சொல்லிக் காட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அவளைக் காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். நிஜமாகவே எழுதிப் பாருங்கள், அப்புறம் நாவலில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து எழுதித் தரச் சொல்கிறார்கள். பெயர் எழுதுகிறாள், வயது எழுதுகிறாள், காணாமல் போனவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'அக்கா' என்று எழுதுகிறாள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். அங்கே பேனா நிற்கிறது. ஏன் நிற்கிறது? ஏனென்றால் கடைசியாகப் பார்த்த இரவில் அவன் அவளிடம் ஏதோ கேட்டிருக்கிறான், அல்லது ஏதோ நினைவுபடுத்தியிருக்கிறான். என்னவாக இருக்கும்?

எனக்குத் தோன்றிய ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு வேறு தோன்றலாம். பல வருஷம் முன்னால் அதே பீரோவிலிருந்து அவளும் பணம் எடுத்திருக்கிறாள். தம்பி அப்போது சின்னப் பையன், பார்த்துவிட்டான், யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பழி வேறு யார் மீதோ விழுந்தது, இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. அதிலிருந்து வீட்டில் சாவியை வைத்திருப்பவள் அவள்தான், எல்லாருக்கும் அவள்தான் நம்பகமான ஆள். இப்போது 'திருட்டு' என்ற சொல்லை அவள் கையால் அந்தத் தாளில் எழுத வேண்டும். எழுத மாட்டாள். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

இந்த ஒரு காட்சி உங்கள் அவுட்லைனை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அவள் இனி தம்பியை மட்டும் தேடவில்லை. அவன் யாரிடமாவது பழைய கதையைச் சொல்லிவிட்டானா என்றும் தேடுகிறாள். வழியில் சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் 'அவன் எங்கே' என்பதற்கு முன்னால் 'அவன் என்ன சொன்னான்' என்று கேட்பாள். நீங்கள் எழுதிய பதினொரு அத்தியாயத்தில் பாதி உரையாடல் இதனால் மாறும். அந்தக் கும்பல்? எனக்கு அது தேவையா என்றே சந்தேகம் வருகிறது. தம்பி யாரிடமும் மாட்டாமல், பழி விழுந்த அந்த மனிதரைத் தேடிப் போயிருந்தால்? பணத்தைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்திருந்தால்? அப்போது அக்கா மீட்கப் போவது யாரை?

இப்படி ஆளிடமிருந்து ஒரு சம்பவமும், அந்தச் சம்பவத்திலிருந்து ஆளைப் பற்றிய ஒரு புதுத் தகவலும் என்று மாறி மாறி எடுங்கள். ஒரு காலை வைத்தால்தான் மறு காலை எடுக்க முடியும். முதலில் பாத்திரம் முழுவதையும் முடித்துவிட்டு அப்புறம் கதை, அல்லது கதையை முடித்துவிட்டுப் பாத்திரத்துக்குக் குணம் பூசுவது என்று வேலையைப் பிரித்துக்கொண்டதுதான் உங்கள் இருவரையும் நிறுத்தி வைத்திருக்கிறது.

கேள்வி: என் நாவலில் கொலை இல்லை, விபத்து இல்லை, காணாமல் போவது இல்லை. ஒரு கணவன் மனைவி, ஒரு வீடு, ஆறு மாத காலம். பெரிய சம்பவமே இல்லாதபோது கதைப்பின்னல் எங்கிருந்து வரும்?

பதில்: சிலப்பதிகாரத்தில் கானல்வரியை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். அங்கே நடப்பது என்ன? கடற்கரையில் இரண்டு பேர் உட்கார்ந்து மாறி மாறி யாழ் மீட்டிப் பாடுகிறார்கள். கோவலன் பாடுகிறான், அவன் மனம் வேறொருத்தி மேல் இருக்கிறதோ என்று மாதவி நினைக்கிறாள். உடனே அவளும் வேறொருவன் மேல் மனம் இருப்பது போலப் பாடுகிறாள். அவன் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். அவ்வளவுதான் சம்பவம். ஆனால் அந்த எழுந்து போனதிலிருந்துதான் கண்ணகியிடம் திரும்புவதும், சிலம்பும், மதுரையும், மற்றதெல்லாமும் வருகின்றன. ஊழ்வினை வந்து மூண்டது என்று இளங்கோவடிகள் காரணம் சொல்கிறார், சொல்லட்டும். ஆனால் அந்தப் பாட்டை அப்படிக் காதில் வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு ஆளை அங்கே உட்கார வைத்ததும் அவர்தான். வேறொருவன் சிரித்துக்கொண்டே யாழை வாங்கி அடுத்த பாட்டைத் தொடங்கியிருப்பான்.

சம்பவத்தின் அளவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்கள் கணவன் மனைவி கதையில் ஒருவர் சொன்னதை மற்றவர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் எது, அந்தத் தப்பு அந்த ஆளுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பா என்று பாருங்கள். ஒரு செல்போன் அழைப்பை எடுக்காமல் விட்டது போதும். எடுக்காமல் விட்டவர் யார், அதை எண்ணி வைத்துக்கொண்டவர் யார் என்று தெரிந்தால் ஆறு மாதத்துக்கான கதை அதிலிருந்தே வரும்.

கேள்வி: பாதி நாவலில் என் நாயகி திட்டப்படி நடக்க மறுக்கிறாள். பதினாறாம் அத்தியாயத்தில் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை வைத்துத்தான் மீதிக் கதையே. ஐந்து தடவை எழுதிவிட்டேன், ஐந்து தடவையும் பொய்யாக இருக்கிறது. திட்டத்தை மாற்றவா, அவளை மாற்றவா?

பதில்: இதை நானும் பட்டிருக்கிறேன். ஒரு நாவலில், மகன் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று அழும் ஒரு தாயை எழுத வேண்டியிருந்தது. அழுகையை எத்தனை விதமாக எழுதினாலும் ஒட்டவே இல்லை. கிட்டத்தட்ட இரண்டு மாதம் அந்த ஒரு பக்கத்தில் நின்றேன். கடைசியில் ஒரு நாள், அவள் அழாமல் அவன் பெட்டியைத் திறந்து, அவன் மடித்து வைத்திருந்த சட்டைகளை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்ப மடித்து வைப்பதாக எழுதினேன். அவன் நின்றபடி பார்த்துக்கொண்டிருக்கிறான், பேருந்துக்கு நேரமாகிறது, அவள் மடித்துக்கொண்டே இருக்கிறாள். அப்போதுதான் எனக்கு அவள் யார் என்று புரிந்தது. வருத்தப்படும் அம்மா என்று நினைத்திருந்தேன், அவள் அவன் செய்த எதையும் சரியென்று விடாதவளாக இருந்தாள். அவன் ஏன் திரும்பி வரவே இல்லை என்பதற்கு நான் யோசித்து வைத்திருந்த பெரிய காரணம் அன்றோடு தேவையில்லாமல் போயிற்று. பின்னால் இருந்த ஏழு அத்தியாயங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினேன், மனது வலித்துக்கொண்டேதான்.

தமிழில் 'அசடன்' என்ற பெயரில் கிடைக்கும் தஸ்தாயெவ்ஸ்கியின் நாவலுக்கு அவர் 1867-ல் எழுதிய குறிப்பேடுகள் இருக்கின்றன. அவற்றில் நாயகன் முதலில் கர்வமும் வெறியும் பிடித்த, கொடுமை செய்யக்கூடிய ஒருவனாக இருக்கிறான். நாம் இன்று அறிந்த, குழந்தை மனம் கொண்ட மிஷ்கின் அவனிலிருந்து வெகு தூரம். திட்டத்துக்கு மேல் திட்டமாக மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, அந்த டிசம்பரில் அதுவரை செய்ததைத் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். 1868 ஜனவரியில் தொடரின் முதல் பகுதி இதழில் வந்தே ஆக வேண்டிய நெருக்கடி இருந்தும் அதைச் செய்தார்.

ஆனால் இதை வைத்து 'பாத்திரம் சொல்வதே வேதம்' என்று நான் சொல்ல வரவில்லை. சில சமயம் பாத்திரம் மறுப்பது போலத் தெரிவது, கஷ்டமான காட்சியை எழுத நமக்கு இருக்கும் தயக்கமாகவும் இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? மன்னிப்புக் கேட்காவிட்டால் அவள் வேறு என்ன செய்வாள் என்று யோசியுங்கள். உடனே தெளிவாக ஒன்று தோன்றினால், அவள் மறுப்பது உண்மை, அதை எழுதுங்கள், திட்டம் வளையட்டும். எதுவுமே தோன்றாமல் அவள் சும்மா நின்றால், அந்தக் காட்சிக்கு வரும் வழியில் நீங்கள் ஒரு படியைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள். அநேகமாகப் பன்னிரண்டு, பதின்மூன்றாம் அத்தியாயங்களில் அவள் எதையோ இழந்திருக்க வேண்டும், இழக்கவில்லை. அங்கே போய்ப் பாருங்கள். பதினாறை ஆறாவது தடவை எழுத வேண்டாம்.

கேள்வி: அவுட்லைன் போட்டு எழுதுவது நல்லதா, போடாமல் எழுதுவதா? இதற்கு ஏதாவது சாஃப்ட்வேர் உண்டா?

பதில்: சாஃப்ட்வேர்கள் நிறைய உண்டு, எதுவும் கெடுதல் இல்லை, ஒரு தாளும் போதும். டிக்கன்ஸ் மாதத் தவணைகளாக நாவல் எழுதியவர். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு தாளை எடுத்து, இடம் வலம் என்று பிரித்துக்கொள்வார். வலது பக்கம் அத்தியாயங்களும் அவற்றில் நடப்பவையும். இடது பக்கம் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகளும் யோசனைகளும். இவரை இந்தத் தவணையில் கொண்டுவரலாமா, அதை இப்போதே சொல்லலாமா என்பது மாதிரி. பக்கத்திலேயே ஆம், இல்லை, இன்னும் வேண்டாம் என்று பதிலும் எழுதிக்கொள்வார். எனக்கு இந்த இடது பக்கம்தான் ரொம்பப் பிடித்தது. நாம் போடும் அவுட்லைன்களில் வலது பக்கம் மட்டும்தான் இருக்கிறது, நடக்கப் போவதின் பட்டியல். இடது பக்கத்தையும் திறந்து வைத்தீர்களானால் அவுட்லைன் போட்டவரா போடாதவரா என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: ஒவ்வொரு அத்தியாயமும் தனியாகப் படித்தால் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் முழு நாவலையும் யாரும் படித்து முடிக்கவில்லை. ஏன்?

பதில்: உங்கள் நாவலை ஒரு குழந்தைக்குச் சொல்வது போல வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை தடவை 'அப்புறம்' வருகிறது, எத்தனை தடவை 'அதனால' அல்லது 'ஆனா' வருகிறது என்று எண்ணுங்கள். அப்புறம், அப்புறம் என்றே போனால் வாசகர் எந்த இடத்திலும் புத்தகத்தை மூடி வைக்கலாம், ஒன்றும் அறுந்து போகாது.

ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1927-ல் கேம்பிரிட்ஜில் நாவல் பற்றி ஆற்றிய உரைகளில் கொடுத்த உதாரணம் பலருக்குத் தெரிந்திருக்கும்: அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது கதை, அரசன் இறந்தான், அந்தத் துயரத்தால் அரசி இறந்தாள் என்றால் அது கதைப்பின்னல். காரணம் சேர்ந்ததால் பின்னலாயிற்று என்று எல்லோரும் விளக்குவார்கள். எனக்கு அதில் இன்னொன்றும் படுகிறது. 'துயரத்தால்' என்ற அந்தச் சொல் அரசியைப் பற்றியது. எல்லா அரசிகளும் துயரத்தால் இறப்பதில்லை. ஒருத்தி அரியணையில் ஏறுவாள், ஒருத்தி பெருமூச்சு விட்டுத் தூங்கப் போவாள். அந்தச் சொல்லைச் சேர்த்தபோது ஃபார்ஸ்டர் இரண்டு சம்பவங்களை முடிச்சுப் போட்டதோடு ஒரு மனுஷியையும் உண்டாக்கிவிட்டார். உங்கள் அத்தியாயங்களுக்கு நடுவில் போட வேண்டிய முடிச்சும் இதே வகைதான். வெளியிலிருந்து ஒரு புயலோ கடிதமோ வந்து அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கி வைப்பதைக் குறையுங்கள், முதல் தடவை சரி, மூன்றாவது தடவை வாசகர் எழுந்துவிடுவார்.

கேள்வி: வில்லன் பாத்திரத்துக்கும் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

பதில்: வேண்டும். அவர் பக்கத்திலிருந்து முழுக் கதையையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள், அவரை 'நான்' என்று வைத்து. அந்தப் பக்கத்தில் அவர் செய்வது அவருக்கு நியாயமாகப் படவில்லை என்றால், அவர் நாயகனுக்குத் தடை போடுவதற்காக மட்டும் அங்கே நிறுத்தப்பட்டவர் என்று அர்த்தம்.

கேள்வி: ஒருவழியாகக் கடைசி அத்தியாயம் வரை எழுதி முடித்துவிட்டேன். இப்போது முதல் அத்தியாயத்தைப் படித்தால் அதில் இருப்பது வேறு யாரோ மாதிரி தெரிகிறது. எங்கே தப்பு செய்தேன்?

பதில்: எங்கேயும் தப்பு செய்யவில்லை, வாழ்த்துகள். முதல் அத்தியாயம் எழுதியபோது உங்களுக்கு அவர்களைத் தெரியாது, இப்போது தெரியும். திரும்பப் போய் எழுதுங்கள், ஆனால் புதிய விளக்கங்களைக் கொண்டுபோய் அங்கே கொட்டாதீர்கள். ஏற்கெனவே அங்கே இருக்கும் சின்னப் பொருள்களையும் செயல்களையும் மட்டும் தொட்டுப் பாருங்கள், பாதி வேலை அவற்றிலேயே முடியும். முதலில் பேசிய அந்த அக்கா கதையையே எடுத்துக்கொண்டால், தொடக்கத்தில் அவள் பீரோவைப் பூட்டிவிட்டு விளக்கை அணைத்துப் படுக்கப் போகிறாள் என்று ஒரு வரி இருக்கலாம். எழுதியபோது அது வெறும் இரவு. நாவல் முழுவதையும் எழுதி முடித்துவிட்டுத் திரும்பி வரும்போது, பூட்டியபின் சாவியை எங்கே வைத்தாள் என்று அந்தக் கதையை எழுதுபவர் எழுதியாக வேண்டும். எப்போதும் இடுப்பில் செருகிக்கொள்பவள், அன்று இரவு மட்டும் தம்பி கண்ணில் படும்படி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போகிறாள்.